பக்கத்து வீட்டில் வெள்ளைக்காரன்

புதுச்சேரி சாரத்தில், காமராஜர் சாலையில், நில அளவைத் துறையின் அலுவலகம் இருக்கிறது. வாசலில் அரை மணி நேரம் நின்றால் போதும், மனித குலத்தின் வரலாறு மஞ்சள் பையில் நம்மைக் கடந்து போகும். பைக்குள் கிரயப் பத்திரம், அதற்கு மூலப் பத்திரம், அதற்கும் மூலப் பத்திரம். ஒவ்வொன்றிலும் இரண்டு எண்கள்: ரீ-சர்வே எண் ஒன்று, கெடஸ்தர் எண் ஒன்று. பின்னது பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன சீதனம். பரப்பளவு குழியிலும் வீசத்திலும் இருக்கும். ஒரு குழி 576 சதுர அடி. ஒரு வீசம் அதில் பதினாறில் ஒரு பங்கு, 36 சதுர அடி. சண்டை எப்போதும் அரை வீசத்துக்குத்தான் நடக்கும். அரை வீசத்தில் ஒரு கயிற்றுக் கட்டில் போடலாம், புரண்டு படுத்தால் கை பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

இந்த மஞ்சள் பைக்காரர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். இவர்கள் செய்வது பெரிய மனிதர்களின் காரியம். சிலையாக நிற்பவர்கள், தெருவுக்குப் பெயர் கொடுத்தவர்கள், பள்ளிப் புத்தகத்தில் இடுப்பில் வாளோடு போஸ் கொடுப்பவர்கள் அத்தனை பேரும் இந்த ஊரில் இருநூறு வருஷத்துக்கு மேல் செய்தது ஒன்றே ஒன்றுதான்: பக்கத்து வீட்டுக்காரனோடு சுவர்த் தகராறு. பாடப்புத்தகம் மரியாதைக்காக அதற்கு ‘கர்நாடகப் போர்கள்’ என்று பெயர் வைத்திருக்கிறது. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று வாய்தா நம்பர் வேறு!

முதலில் மனை இருக்கும் இடத்தைப் பாருங்கள். நடுவில் புதுச்சேரி, பிரெஞ்சுக்காரர் வீடு. தெற்கே சுமார் இருபது கிலோமீட்டரில் கடலூர் தேவனாம்பட்டினம், அங்கே ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டை. வடக்கே சென்னை, அதுவும் ஆங்கிலேயர் கோட்டை. இரண்டு பக்கமும் ஒரே குடும்பம்! வாஸ்து பார்க்கிறவர் யாராவது அப்போது இருந்திருந்தால், தட்சிணையைக்கூட வாங்காமல் எழுந்து போயிருப்பார்.

தெற்கு வீட்டுக்காரர் மனை வாங்கிய கதையை முதலில் கேளுங்கள். 1690. செஞ்சிக் கோட்டையில் சிவாஜியின் மகன் ராஜாராம் இருக்கிறார். முகலாயப் படை அவரைத் தேடி வந்துகொண்டிருக்கிறது. கையில் காசில்லை, இருப்பது நிலம்தான். தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றார். வாங்கியவர் சென்னையின் தலைவர் எலிஹு யேல். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறதே, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர். பத்திரத்தில் நாலெல்லை எப்படிக் குறித்தார்கள் தெரியுமா? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எங்கே போய் விழுகிறதோ, அதுவரை உனக்கு.

நம்ப முடியவில்லையா? சத்தியமாக நடந்தது. சர்வேயர் செயின் பிடிக்கும்போது “கொஞ்சம் தளர்த்திப் பிடிங்க சார்” என்று இன்று நாம் கண்ணடிக்கிறோம். யேல் அதையே கம்பெனி லெவலில் செய்தார். சென்னையிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கியாகப் பார்த்து அனுப்பினார், சுடத் தெரிந்த ஆளையும் சேர்த்து அனுப்பினார். செப்டம்பரில் வெடித்தார்கள். குண்டு கடலூரையும் சுற்றுவட்டாரக் கிராமங்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு போய் விழுந்தது. அந்தக் கிராமங்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் நின்றுவிட்டது. நில அளவையில் இவ்வளவு சத்தம் அதற்குமுன் கேட்டதில்லை. பிறகு கேட்டது, நிறையவே கேட்டது.

அதே ராஜாராம் மூன்று வருஷம் கழித்து இன்னொரு மனையை விற்றார். புதுச்சேரி. வாங்கியவர்கள் டச்சுக்காரர்கள். இதில் சின்ன சிக்கல். அங்கே 1674 முதல் பிரான்சுவா மார்த்தேன் என்ற பிரெஞ்சுக்காரர் குடியிருந்தார். காலி மனை என்று நினைத்து ஏமாந்தார்களா என்றால் இல்லை, ஆள் இருப்பது தெரிந்தேதான் வாங்கினார்கள். காலி செய்யச் சொல்ல நோட்டீஸுக்குப் பதில் கப்பல்களை அனுப்பினார்கள். 1693-ல் மார்த்தேன் பெட்டியைக் கட்டினார். புதுச்சேரியை நிறுவிய மகான் என்று நாம் கும்பிடுகிற அந்த மனிதர், ஆறு வருஷம் தன் சொந்த ஊருக்குள் கால் வைக்க முடியாமல் இருந்தார்.

ஐரோப்பாவில் 1697-ல் சமாதானம் ஆயிற்று. ஊரைத் திருப்பிக் கொடு என்று டச்சுக்காரருக்கு உத்தரவு. டச்சுக்காரர் தகராறே செய்யவில்லை. தாராளமாக எடுத்துக்கொள், ஆனால் இந்தச் சுவர், கொத்தளம் எல்லாம் நான் காசு போட்டுக் கட்டியது, அதை மட்டும் கீழே வை என்றார். மார்த்தேன் வைத்தார். 16,000 வராகன்! தன்னை விரட்டியவன் தன்னை உள்ளே விடாமலிருக்கக் கட்டிய சுவருக்குத் தானே பில் கட்டிய ஒரே தலைவர் உலகத்தில் இவராகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். இதை டூரிஸ்ட் கைடுகள் காதில் போடாதீர்கள். புதுச்சேரியின் நேர் நேரான தெருக்களைக் காட்டி, பிரெஞ்சு மூளை, பிரெஞ்சு டவுன் பிளானிங் என்று அவர்கள் சிலிர்ப்பார்கள். அந்தக் கட்டம் போட்ட தெருத் திட்டத்தை 1694-ல் வரைந்தது அந்த டச்சுக்காரர்கள்தான். நான்கு தெரு தள்ளிப் போய் ஒரு காபிக் கடையில் ‘போன்ழூர்’ சொல்லிவிட்டு நாம் நடப்பது ஹாலந்துக் கோட்டில்.

திரும்பி வந்த மார்த்தேன் பட்ட அனுபவத்துக்கு ஏற்பப் பெரிய கோட்டையாகக் கட்டினார், லூயி கோட்டை. 1706-ல் முடிந்தது. அந்த ஆண்டின் கடைசியில் அவரும் கண்ணை மூடினார். கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு போய்ச் சேர்கிற ரிட்டயர்டு ஆசாமிகள் நம் ஊரில் எத்தனை பேர்!

கோட்டைக்கு வெளியே நகரத்துக்கு மதில். மதிலுக்கும் வெளியே ஒரு வேலி. இந்த வேலியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, எனக்கு அதன்மேல்தான் அபிமானம். ஆனைக்கற்றாழை, முள்செடிகள், நடுநடுவே தென்னையும் பனையும் நட்டு ஊரை வளைத்து ஒரு பச்சை முள் அரண். சாலைகள் வேலியைக் கடக்கும் இடங்களில் சிறு கொத்தளங்கள். குதிரைப்படை நுழைய முடியாது, காலாள் நுழைந்தால் வேட்டி மிஞ்சாது. பதினைந்தாம் லூயியின் சாம்ராஜ்யக் கனவுக்கு வெளிக்காவல் யார் என்றால் கற்றாழை. சம்பளம் கேட்காது, கட்சி மாறாது. அந்தக் காலப் பிரெஞ்சு அதிகாரிகளில் இந்த இரண்டு குணமும் ஒருசேர இருந்தவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இப்போது நம் கதாநாயகர். ழோசெப் பிரான்சுவா துய்ப்ளே, 1742-ல் கவர்னராக வந்தார். கடற்கரைச் சாலையின் தெற்கு முனையில் வெண்கலத்தில் நிற்கிறாரே, அவர்தான். வந்ததும் மதிலைப் பார்த்தார். கடல் பக்கம் திறந்து கிடந்தது. அந்தப் பக்கம்தானே எதிரி வருவான்! கட்ட ஆரம்பித்தார். 1743 தேதியிட்டு பாரிஸ் கம்பெனியிலிருந்து கடுதாசி வருகிறது: செலவைப் பாதியாக்கு, கோட்டை வேலையை நிறுத்து. துய்ப்ளே கடுதாசியை மடித்து வைத்துவிட்டு, சொந்தக் காசைப் போட்டுச் சுவரை எழுப்பினார். பிறகு கம்பெனி இந்தக் கீழ்ப்படியாமையைப் பாராட்டவும் செய்தது.

பாராட்டைக் கேட்டு நம்பிவிட்டார் பாவம். அடுத்த பத்து வருஷம் கம்பெனிக்காகச் சொந்தக் காசை அள்ளி அள்ளிப் போட்டார். 1754-ல் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். கணக்குக் கேட்டால் கம்பெனி கூரையைப் பார்த்தது. பணத்துக்காக வழக்காடியபடி, வாசலில் கடன்காரர்கள் நிற்க, 1763-ல் பாரிஸில் இறந்துபோனார். வாடகை வீட்டில் சொந்தச் செலவில் மராமத்து பார்க்காதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை அவருக்கு யாரும் பிரெஞ்சில் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஆனால் அதற்கு முன் அவருக்கு ஒரு பொற்காலம் இருந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். பிடித்த கையோடு கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் பட்டணத்தின் வீடுகளை இடித்தும் வைத்தார்கள். ஆக, பக்கத்து வீட்டுச் சுவரில் முதலில் கடப்பாரை போட்டது நம் ஆள்தான். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1748. வடக்கு வீடு பறிபோன கோபத்தில் ஆங்கிலேயர்கள் அட்மிரல் பாஸ்கவனை அனுப்புகிறார்கள். இந்தக் கடல் அதுவரை கண்டிராத கப்பல்படை. தெற்கே கடலூரிலிருந்து கிளம்பி வழியில் அரியாங்குப்பத்தில் ஒரு சின்னக் கோட்டை. தட்டிவிட்டுப் போகலாம் என்று நினைத்தார்கள். உள்ளே எவ்வளவு பலம் என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பதினெட்டு நாள் போயிற்று! போதாததற்கு, பிற்காலத்தில் ‘இந்திய ராணுவத்தின் தந்தை’ என்று பட்டம் வாங்கப்போகும் மேஜர் லாரன்ஸை அங்கேயே பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். தந்தையார் மீதிப் போரை எதிரி வீட்டுக்குள்ளிருந்து பார்த்தார்.

ஒருவழியாகப் புதுச்சேரிக்கு வந்தார்கள். மதிலை எந்தப் பக்கம் உடைப்பது? வடமேற்குப் பக்கம் என்று முடிவு. அதாவது, ஊரிலிருந்து இன்று சாரத்துக்கு ஆட்டோ பிடித்துப் போகிறீர்களே, ஏறக்குறைய அந்தத் திசை. முற்றுகை என்றால் மதிலிலிருந்து எண்ணூறு கஜத்தில் பதுங்குகுழி தோண்ட ஆரம்பிப்பது அந்தக் கால வழக்கம். பாஸ்கவனின் எஞ்சினியர்கள் 1,500 கஜத்தில் தோண்டினார்கள். ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர்! அங்கிருந்து பீரங்கி சுட்டால் மதிலுக்கு நலம் விசாரிக்கலாம், அவ்வளவுதான்.

தப்பு தெரிந்து, முன்னே நகர்ந்து தோண்டினார்கள். நடுவில் ஒரு சதுப்பு. வடமேற்குப் பக்கம் மழைக்காலத்தில் எப்படி இருக்கும் என்று புதுச்சேரிக்காரர் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ரெயின்போ நகரில் வீடு வாங்கியவரைக் கேட்டாலே சொல்லியிருப்பார். பிரெஞ்சுக்காரர்கள் தண்ணீரைத் திருப்பிவிட்டு ஈரத்தை இன்னும் பெருக்கினார்கள். செப்டம்பர் கடைசியில் வானமும் சேர்ந்துகொண்டது. குழிக்குள் தண்ணீர், கூடாரத்துக்குள் காய்ச்சல். அக்டோபர் ஆரம்பத்தில் பாஸ்கவன் மூட்டையைக் கட்டினார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அவர் இழந்திருந்தார்.

அந்தப் படையில் இருபத்துமூன்று வயதுப் பையன் ஒருவன் சின்ன அதிகாரியாகச் சேற்றில் நின்றுகொண்டிருந்தான். பெயர் ராபர்ட் கிளைவ். சாம்ராஜ்யத்தை நிறுவிய மாவீரர் என்று படித்தோமே, அவர் நம் வடமேற்குச் சேற்றில் கால் ஊன்ற முடியாமல் திரும்பிப் போனவர். துய்ப்ளே என்ன செய்தார்? தேவாலயத்தில் நன்றிப் பாட்டு பாடவைத்தார். பிறகு இந்தியாவில் இருந்த ராஜா, நவாப் எல்லோருக்கும் வெற்றிச் செய்தியைக் கடிதமாக அனுப்பினார். மழைக்கு மட்டும் கடிதம் போகவில்லை.

இந்தக் கூத்தையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை, துய்ப்ளேயின் துபாஷி. 1736-ல் ஆரம்பித்து 1761 வரை நாட்குறிப்பு. யார் வந்தார், யார் போனார், எத்தனை பீரங்கி மரியாதை, கவர்னரின் மனைவி இன்று யாரைப் பற்றி என்ன கோள் சொன்னார், அத்தனையும் அதில் உண்டு. மதாம் துய்ப்ளே இந்தியாவிலேயே வளர்ந்தவர், தமிழ் தெரிந்தவர், சொந்தமாக ஒற்றர் கூட்டம் வைத்திருந்தவர். பிள்ளைக்கும் அந்த அம்மாவுக்கும் ஏழாம் பொருத்தம். அவர் நாட்குறிப்பில் ஆங்கிலேயர் மேலுள்ள பயத்தைவிட மதாம் மேலுள்ள பயம்தான் அதிகம் தெரியும்.

அவர் எழுதி வைத்த ஒரு சுவர்த் தகராறில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊருக்கு நடுவே வேதபுரீஸ்வரர் கோயில். பக்கத்திலேயே சம்பா கோயில் என்று நாம் சொல்லும் மாதாகோயில். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர். பாதிரிமார்களுக்கு அந்தப் பக்கத்து மணியோசை ஆகவில்லை, பல பத்தாண்டுகளாகக் கோயிலை அகற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1746-ல் இரண்டு முறை அசுத்தப் பானை கோயிலுக்குள் வந்து விழுந்தது. பிள்ளை கவர்னரிடம் போனார், விசாரணை நடந்தது, ஒன்றும் ஆகவில்லை. 1748 செப்டம்பரில், வெளியே பாஸ்கவன் மதிலை உடைக்கப் பார்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில், உள்ளே துய்ப்ளேயின் ஆட்கள் கோயிலை இடித்தார்கள். ஊரே மதிலுக்குள் அடைபட்டிருந்தது, எதிர்த்துக் கிளம்பிப் போகவும் வழியில்லை. எதிரியிடமிருந்து ஊரைக் காத்த மகாவீரர், தன் ஊர்க்காரர்களிடம் காட்டிய வீரம் இது. கோயில் பிறகு வேறிடத்தில் எழும்பி, இன்று காந்தி வீதியில் இருக்கிறது. சம்பா கோயில் மிஷன் வீதியில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இப்போது ஜவுளிக் கடைகளும் பைக் பார்க்கிங்கும் இருப்பதால், அங்கே நடக்கும் சண்டையெல்லாம் பைக்குக்காக மட்டும்தான்.

சரி, பெரிய வீட்டுச் சண்டைக்கு வருவோம். 1758-ல் பிரெஞ்சுப் படைத்தலைவராக லாலி பிரபு வந்தார். முன்கோபி என்பது அவரைப் பற்றிச் சொல்லக்கூடிய மரியாதையான சொல். எதிரியோடு சண்டை போட வந்தவர், கப்பலிலிருந்து இறங்கியதும் சொந்த ஊர் அதிகாரிகளோடு அதை ஆரம்பித்தார். போகட்டும், தெற்கு வீட்டின் மேல் பாய்ந்து ஜூன் மாதம் புனித டேவிட் கோட்டையைப் பிடித்துவிட்டார். பிடித்தவர் சும்மா இருந்தாரா? அதையும் இடித்துத் தரைமட்டம் ஆக்கினார். குறித்து வைத்துக்கொள்ளச் சொன்னேனே, இப்போது இரண்டாவது கடப்பாரை.

அடுத்து, இதற்குள் ஆங்கிலேயரிடமே திரும்பிப் போயிருந்த வடக்கு வீடு. சென்னையை முற்றுகையிட்டார், 1759 பிப்ரவரியில் தோற்றுத் திரும்பினார். 1760-ல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் புதுச்சேரி வாசலில் நின்றார். இந்த முறை அவர்கள் புத்திசாலிகள், சதுப்பில் குழி தோண்டவில்லை. செப்டம்பரில் முதல் வேலையாக முள்வேலியைப் பிடித்தார்கள். இத்தனை வருஷத்துச் சண்டையில் கற்றாழையை மதித்த முதல் ஆசாமிகள்! வேலி போனதும் ஊர் பட்டினி. 1761 ஜனவரி 16, சரணாகதி. பிள்ளை நான்கு நாள் முன்னதாகவே, 12-ஆம் தேதி, காலமாகிவிட்டார். இருபத்தைந்து வருஷம் ஒன்று விடாமல் எழுதியவர், கடைசிக் காட்சியைப் பார்க்காமல் தப்பித்துக்கொண்டார்.

ஊர் கைக்கு வந்ததும் ஆங்கிலேயர்கள் என்ன செய்திருப்பார்கள்? தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். புதுச்சேரி கம்பெனிக்குச் சொந்தம் என்றார் சென்னை கவர்னர் பிகட். ராஜாவின் படை பிடித்தது, ராஜாவுக்குத்தான் என்றார் கூட். அப்படியா, சரி, படைக்குச் சம்பளம் கிடையாது என்றார் பிகட். கூட்டின் தேசபக்தி அதோடு தெளிந்தது. சாவி பிகட் கைக்குப் போனது. அவர் முதலில் போட்ட உத்தரவு: இடி. மதில், கோட்டை, மாளிகை எல்லாவற்றையும். கடலூரில் நீ இடித்தாய், இங்கே நான் இடிக்கிறேன். லாலியை பாரிஸில் விசாரித்து 1766-ல் தலையை வெட்டினார்கள். வெட்டுமேடைக்குக் கொண்டுபோகும்போது பேசாமல் இருக்க வாயைக் கட்டி வைத்தார்கள். அவர் வாயைப் பற்றிப் புதுச்சேரியில் எல்லோருக்கும் தெரியும், கடைசியில் பாரிஸுக்கும் தெரிந்திருந்தது.

1763-ல் சமாதானம். ஒப்பந்தத்தில் என்ன எழுதினார்கள்? 1749 ஆரம்பத்தில் யாரிடம் எது இருந்ததோ அது அவரவருக்கு. பதினான்கு வருஷம், இத்தனை சாவு, இத்தனை செலவு, இரண்டு பக்கமும் சுவர் காலி. கடைசியில் பஞ்சாயத்துத் தீர்ப்பு, பழையபடி இருங்கள்! 1765-ல் ழான் லோ த லோரிஸ்தோன் பிரெஞ்சு கவர்னராக வந்து, இடிபாட்டைக் கூட்டிப் பெருக்கி, அதே பழைய கோட்டில் வீடுகளைக் கட்ட ஆரம்பித்தார். பிறகு? 1778-ல் ஆங்கிலேயர் மறுபடி பிடித்தார்கள். திருப்பிக் கொடுத்தார்கள். 1793-ல் பிடித்தார்கள். 1803-லும் பிடித்தார்கள். எழுதுகிற எனக்கே கை வலிக்கிறது, கொத்தனார்களை நினைத்துப் பாருங்கள்.

நடுவில் வங்காளத்தில் ஒரு கிளைக் கதை. அங்கே சந்திரநாகூரில் பிரெஞ்சுக்காரர்கள் சுவர் கட்டக் கூடாது என்பது நிபந்தனை. கவர்னர் ஷெவாலியே ஊரைச் சுற்றி அகலமாக ஒரு பள்ளம் தோண்டினார். ஆங்கிலேயர் பாய்ந்து வந்தார்கள், இது அகழி! ஷெவாலியே முகத்தைப் பச்சைப் பிள்ளை போல வைத்துக்கொண்டு, இல்லையே, மழைத்தண்ணீர் போக வடிகால் என்றார். ஆங்கிலேயர் 1769-ல் எஞ்சினியரை அனுப்பிப் பள்ளத்தை மூடிவிட்டார்கள். இந்த வடிகால் விவகாரம் எங்கே போய் நின்றது தெரியுமா? 1783 வெர்சாய் உடன்படிக்கையில். அமெரிக்காவின் சுதந்திரம் பேசப்பட்ட அதே சமாதானக் காலத்தில், இரண்டு பேரரசுகள் உட்கார்ந்து, சந்திரநாகூரைச் சுற்றித் தண்ணீர் வடியப் பள்ளம் தோண்டிக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து எழுதிக் கையெழுத்துப் போட்டன. நகராட்சி வார்டு கவுன்சிலர் ஒரு சிமெண்ட் பைப்பில் முடித்திருக்கக்கூடிய விஷயம்.

1814-ல்தான் ஆங்கிலேயருக்கு ஞானம் வந்தது. பிடிப்பதும் இடிப்பதும் செலவு. பேப்பரிலேயே முடித்துவிடலாமே! ஊரைத் திருப்பித் தருகிறோம், ஆனால் கோட்டை, கொத்தளம் எதுவும் கட்டக் கூடாது, போலீஸ் வேலைக்குத் தேவையான ஆட்களுக்கு மேல் படை வைக்கக் கூடாது என்று பாரிஸ் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட்டார்கள். காம்பவுண்ட் சுவரே இல்லாத வீட்டில் என்ன சுவர்த் தகராறு? மறு வருஷம் இன்னொரு ஏற்பாடும் செய்தார்கள். உப்புக் காய்ச்சி எங்கள் வியாபாரத்தைக் கெடுக்காமல் இருங்கள், வருஷத்துக்கு நாலு லட்சம் சிக்கா ரூபாய் தருகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பதற்குப் பணம்! துய்ப்ளே உயிரோடு இருந்து இதைப் பார்த்திருக்க வேண்டும்.

1816 டிசம்பரில் ஊர் கைமாறியது. அப்போது வந்த எல்லைதான் இன்று நாம் பஸ்ஸில் அனுபவிக்கும் எல்லை. பத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். ஒரு வயல் பிரெஞ்சு, அடுத்தது ஆங்கிலேயர், அதற்கடுத்த ஏரி மறுபடி பிரெஞ்சு. முத்தியால்பேட்டையில் கிளம்பி நாலு எட்டு வைத்தால் கோட்டக்குப்பம், தமிழ்நாடு. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் காலாப்பட்டு, மறுபடி புதுச்சேரி. கடலூர் போவதற்குள் உங்கள் செல்போன் எத்தனை முறை ஊர் மாறுகிறது என்பதைவிட, ரோட்டோர மதுக்கடைகள் எங்கே முளைக்கின்றன என்று பாருங்கள். சர்வே கல்லே வேண்டாம், எல்லை துல்லியமாகத் தெரியும்.

சுவர் கட்டும் உரிமையைப் பறிகொடுத்த பிரெஞ்சுக்காரர்கள், சுவரைப் பற்றிய சட்டத்தையாவது கொண்டுவருவோம் என்று முடிவு செய்தார்கள் போலிருக்கிறது. 1819 ஜனவரியில் நெப்போலியன் காலத்துச் சட்டத் தொகுப்பு இங்கே அமலாயிற்று. சாதி, குடும்ப விவகாரங்களுக்கு அவரவர் வழக்கம் என்று விட்டுவிட்டார்கள். அந்தத் தொகுப்பில் பக்கத்து வீட்டுச் சுவருக்கென்றே ஷரத்துகள் வரிசையாக நிற்கின்றன. ஐரோப்பாவையே கலக்கியவரின் சட்டப் புத்தகம் குனிந்து பார்த்து விசாரிக்கிறது: இரண்டு முற்றத்துக்கு நடுவில் இருக்கும் சுவர் இருவருக்கும் பொது, வேறு பத்திரமோ அடையாளமோ இல்லாதவரை. பழுது பார்க்கும் செலவு இருவருக்கும். செலவு வேண்டாமா, உன் பாத்தியதையை விட்டுக்கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள். பொதுச் சுவரில் அவன் சம்மதமில்லாமல் ஜன்னல் வைக்காதே.

எனக்குப் பிடித்த ஷரத்து மழை ஷரத்து. சுவர் யாருடையது என்று சண்டை வந்தால், மேலே ஏறிப் பார். சுவரின் தலை ஒரு பக்கமாக மட்டும் சரிந்து, மழைநீர் எந்த வீட்டுப் பக்கம் வடிகிறதோ, சுவர் அந்த வீட்டுக்காரருடையது. பத்திரம் இல்லை, சாட்சி இல்லை, மழை சொன்னால் சரி. அறிவு என்றால் இது! பாஸ்கவனுக்குத் தீர்ப்பு சொன்னதும் மழைதான் என்பதை பாரிஸில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்களோ என்றுகூடச் சந்தேகம் வருகிறது.

இப்படிச் சுவரில்லாத வீட்டுக்கு ஒரு சௌகரியமும் இருந்தது. யார் வேண்டுமானாலும் தாண்டி வரலாம். 1908-ல் பாரதி தாண்டி வந்தார். ‘இந்தியா’ பத்திரிகையை இங்கிருந்து அச்சடித்து எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பினார். 1910-ல் அரவிந்தர் வந்தார். ஆங்கிலேயர் ஊர் முழுக்க ஒற்றர்களை நிறுத்தி, எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கமாக நின்று பல்லைக் கடித்தார்கள். மூன்று முறை நான்கு முறை பீரங்கியோடு உள்ளே வந்தவர்கள், இப்போது முண்டாசு கட்டிய ஒரு கவிஞரைப் பிடிக்க ஒரு அடி உள்ளே வைக்க முடியவில்லை. 1918 நவம்பரில் பாரதி எல்லையைத் தாண்டியதும் கடலூர் அருகே கைது செய்தார்கள். பத்து வருஷம் காத்திருந்த பொறுமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

1947-ல் தெற்கு வீடு, வடக்கு வீடு இரண்டுமே நம்முடையதாகிவிட்டன. பிரெஞ்சுக்காரருக்கு மட்டும் செய்தி மெதுவாகப் போய்ச் சேர்ந்தது. 1949-ல் சுங்க ஒப்பந்தம் முடிந்ததும் இந்தியா ஊரைச் சுற்றிச் சுங்கச்சாவடி போட்டது. எந்த வேலி போட்டாலும் அதற்குக் கீழே பூனை போக ஒரு சந்து இருக்கும். தங்கமும் கைக்கடிகாரமும் அந்தச் சந்தில் போயின. பிரெஞ்சுக் கட்சியின் பெருந்தலை எதுவார் குபேர், 1954 மார்ச்சில் திடீரென்று வேலிக்கு இந்தப் பக்கம் குதித்து, நாலு பக்கமும் இந்தியாவால் சூழப்பட்ட நெட்டப்பாக்கத்தில் மூவர்ணக் கொடி ஏற்றினார். கடற்கரைச் சாலைக்கு இன்று அவர் பெயர். சாலையின் ஒரு முனையில் துய்ப்ளே நின்று அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

முடிவு கீழூரில் நடந்தது. 1954 அக்டோபர் 18. மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் ஓட்டுப் போட்டார்கள். இணைப்புக்கு 170, எதிர்ப்புக்கு 8. ஒரு குண்டு வெடிக்கவில்லை, ஒரு செங்கல் பெயரவில்லை. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஆனால் ரெஜிஸ்ட்ரேஷன்? அதற்கு பாரிஸ் நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும். குடிவந்து எட்டு வருஷம் கழித்து, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் பத்திரம் பதிவானது. அதனால்தான் புதுச்சேரியில் இரண்டு விடுமுறை. சாவி வாங்கியதற்கு ஒன்று, பத்திரம் வாங்கியதற்கு ஒன்று. அரசு ஊழியர்கள் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் தாமதத்துக்கு எந்தக் காலத்திலும் குறை சொன்னதில்லை.

பத்திரத்தில் ஒரு ஷரத்து இருந்தது. விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம். சில ஆயிரம் பேர் எழுதிக்கொடுத்தார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து திரும்பி வந்த குடும்பங்கள் இன்னொரு பக்கம். இந்த ஊர் அவர்களை ‘சொல்தா’ என்று கூப்பிடுகிறது. இதன் விளைவை யாரும் யோசிக்கவில்லை. நாட்டின் எல்லை, அரியாங்குப்பத்தையும் கோட்டக்குப்பத்தையும் விட்டு வந்து, நேராக வீட்டுக் காம்பவுண்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சாரத்தில் ஏதோ ஒரு தெருவில் ஒரு நாலரை அடிச் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் ரிட்டயர்டு வாத்தியார், இந்தியர். அந்தப் பக்கம் சொல்தா தாத்தா, பிரெஞ்சுப் பிரஜை, யூரோவில் பென்ஷன், பாரிஸ் ஜனாதிபதித் தேர்தலுக்கு இங்கேயே ஓட்டு.

சொல்தா தாத்தா போன மாதம் சுவரை இரண்டு அடி உயர்த்தினார். “காத்து வரலைங்க” என்றார் வாத்தியார். “என் சுவருங்க” என்றார் தாத்தா. வாத்தியார் ஏணி போட்டு ஏறி, சுவரின் தலை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்தார். தாத்தாவின் கொத்தனார் இரண்டு பக்கமும் சமமாகச் சரித்து வைத்திருந்தார். பிரான்ஸும் இந்தியாவும் இதுவரை அறிக்கை எதுவும் வெளியிடவில்லை. அந்தப் பக்கம் நீண்டிருந்த இந்தப் பக்கத்து முருங்கைக் கிளை ஒன்று மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக வெட்டப்பட்டிருக்கிறது.